ஐந்தாவது யூனிட்டை ஸ்கிப் பண்ணினால் என்ன ஆகும்? நீலகிரி சொல்லும் பதில்

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு. ஹாஸ்டல் அறையில் நாலு பேர். கையில் 'சாயில் மெக்கானிக்ஸ்' ஜெராக்ஸ் நோட்ஸ். "மச்சி, முதல் நாலு யூனிட் போதும்டா, அஞ்சாவதை விட்டுடலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்ற மூன்று பேரும் நிம்மதியாகத் தலையாட்டுவார்கள். தமிழ்நாட்டில் சிவில் படித்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை.

அந்த ஐந்தாவது யூனிட்டில் என்ன இருக்கிறது? அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மண் இயக்கவியலின் கடைசி யூனிட், 'ஸ்லோப் ஸ்டெபிலிட்டி'. அதாவது, ஒரு மண் சரிவு எப்போது நிற்கும், எப்போது விழும் என்பதைச் சொல்லும் பாடம்.

சென்னையிலோ தஞ்சாவூரிலோ வேலை பார்க்கப் போகிறவருக்கு அந்த யூனிட் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படாமல் போகலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் ஒரு வீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அப்படி இல்லை. அங்கே அந்த ஒரு யூனிட்தான் மொத்தப் பாடமும்.

2024 பிப்ரவரி 7. ஊட்டி அருகே லவ்டேலில் தடுப்புச் சுவர் கட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மேட்டில் இருந்த பழைய கழிப்பறைக் கட்டடமும் மண்ணும் சரிந்து விழுந்ததில் ஆறு பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அது மழைக்காலம்கூட இல்லை. மண் சரியாமல் இருக்கத்தான் சுவர் கட்டுகிறோம். அந்தச் சுவரைக் கட்டும்போதே மண் சரிந்து உயிர் போகிறது என்றால், இடையில் ஏதோ ஒரு அறிவு விடுபட்டிருக்கிறது.

அந்த அறிவு கல்லூரியில் இருக்கிறது. மலைக்கு ஏறி வரவில்லை. பிரச்னை அதுதான்.

நீலகிரி எத்தனை முறை எச்சரித்தது?

1978, 1979 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வடகிழக்குப் பருவமழையின்போது நீலகிரியில் பெரிய அளவில் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் கவனம் இந்த மாவட்டத்தின் மீது முழுமையாகத் திரும்பியது அதன்பிறகுதான்.

1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே பெரும் சரிவு. சாலையும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. நீலகிரிக்கான மாஸ்டர் பிளான் வந்ததும் அதே ஆண்டில்தான். கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தக் காலம் முதல் இருக்கிறது.

2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். அந்த நவம்பரில் சில நாட்களுக்குள் மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் இரவில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சி. ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. இம்முறை தென்மேற்குப் பருவமழை. கிழக்குப் பக்கம் குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் பயம். மேற்குப் பக்கம் குந்தா, அவலாஞ்சி, கூடலூருக்கு ஆடியில் பயம். ஒரே மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு பரீட்சை.

பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. 200-க்கும் மேற்பட்டோர். கடல் தாண்டினால், 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையகத் தமிழர்களின் லயன் வரிசை முழுவதும் புதைந்தது.

பெட்டிமுடி, சூரல்மலை, மீரியபெத்தை மூன்றிலும் தேயிலைத் தோட்ட வாழ்க்கை இருந்தது. கீழே படுத்திருந்தவர்கள் மலையைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் இல்லை. வேலை எங்கே வீடு கொடுத்ததோ அங்கே படுத்தவர்கள்.

மழை பெய்தால் மலை ஏன் இறங்குகிறது?

"மழையில் மண் கனமாகிவிடுகிறது, அதனால் விழுகிறது." பலரும் சொல்லும் விளக்கம் இது. பாதி உண்மை. மீதிப் பாதிதான் முக்கியம்.

மெரினாவில் குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்போம். காய்ந்த மணலில் வீடு நிற்காது. லேசாக ஈரமான மணலில் செங்குத்தாகச் சுவரே எழுப்பலாம். அதன் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் குழைந்து ஓடிவிடும். மணல் ஒன்றேதான். மாறியது நீரின் அளவு மட்டுமே.

மண் துகள்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு இருப்பதால்தான் அவற்றுக்கு இடையே உராய்வு. அந்த உராய்வுதான் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது. மழைநீர் துகள்களுக்கு இடையே நிரம்பும்போது, நீர் அவற்றை விலக்கித் தள்ளுகிறது. துகள்களுக்கு இடையிலான அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் 1920-களில் இதைக் கணக்காக வடித்தார். மண் இயக்கவியல் என்ற தனித் துறையே அங்கிருந்துதான் பிறந்தது.

கணக்காகவே பார்க்கலாம். 20 டிகிரி சாய்வுள்ள ஒரு சரிவு. மண்ணின் உராய்வுக் கோணம் 35 டிகிரி. எளிமைக்காக, ஒட்டும் தன்மை இல்லாத மண் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்திருக்கும்போது அதன் பாதுகாப்புக் காரணி, 35 டிகிரியின் டேன் மதிப்பை 20 டிகிரியின் டேன் மதிப்பால் வகுத்தால் கிடைப்பது: 0.70 வகுத்தல் 0.36. சுமார் 1.9. அதாவது, சரிவைக் கீழே இழுக்கும் விசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பிடிமானம் இருக்கிறது. தாராளம்.

இப்போது அதே சரிவில் மழைநீர் மேல்மட்டம் வரை நிரம்பி, சரிவுக்கு இணையாகக் கீழ்நோக்கி ஓடுகிறது. ஒரு கன மீட்டர் நிறைவுற்ற மண்ணின் எடை 18 கிலோநியூட்டன். அதில் நீரின் மிதப்பு விசை ஏறத்தாழ 10 கிலோநியூட்டனைத் தின்றுவிடுகிறது. துகள்களை அழுத்திப் பிடிக்க மீதி இருப்பது 8 சொச்சம். பாதுகாப்புக் காரணி 1.9-லிருந்து 0.9-க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது.

மண் மாறவில்லை. சாய்வு மாறவில்லை. யாரும் எதையும் வெட்டவில்லை. நீர் மட்டும் வந்தது.

நீலகிரியில் இந்தக் கணக்கு ஏன் இன்னும் கொடூரமாகிறது என்றால், அங்கே அடியில் இருக்கும் சார்னோகைட் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து, பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் தடிமனான செம்மண்ணாகக் கிடக்கிறது. மேலே தண்ணீரை உள்ளே விடும் மண். அடியில் தண்ணீரை எளிதில் விடாத களிமண்ணும் பாறையும். நீர் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சோலைக் காட்டு மரங்களின் வேர் பின்னல் இருந்த இடத்தில் இன்று காய்கறித் தோட்டம், ரிசார்ட், பார்க்கிங்.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. கோடையில் ஜேசிபி வைத்து மலையை வெட்டினால், அந்தச் செம்மண் செங்குத்தாக, அழகாக, கேக் வெட்டியது போல நிற்கும். லேசான ஈரம் தரும் இழுவிசைதான் காரணம். மணல் வீட்டுக் கதைதான். "பாருங்க, எப்படி நிக்குது, இது நல்ல மண்ணு" என்று மேஸ்திரி சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மார்ச்சில் அது நல்ல மண்தான். நவம்பரில் என்ன ஆகும் என்பதை மார்ச்சிலேயே கணித்துச் சொல்வதற்குத்தான் ஐந்தாவது யூனிட்.

தடுப்புச் சுவர்: சின்ன வேலை இல்லை

மலையில் வீடு கட்டும் பலருக்கும் தடுப்புச் சுவர் என்பது பட்ஜெட்டின் கடைசி வரி. வீட்டுக்கு டிசைன் உண்டு. சுவருக்கு "அது மேஸ்திரி பாத்துப்பார்".

மூன்று மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் மண்ணின் உராய்வுக் கோணம் 30 டிகிரி. காய்ந்த நிலையில் அந்த மண் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தள்ளும் விசை சுமார் 27 கிலோநியூட்டன். புரியும்படி சொன்னால், ஏறத்தாழ 2.75 டன்.

சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால்? விசை 56 கிலோநியூட்டனைத் தாண்டுகிறது. இரு மடங்குக்கும் மேல். இதில் முக்கால் பங்குக்கும் மேல் நீர் மட்டுமே தருவது.

சுவரில் விடும் சின்னச் சின்ன ஓட்டைகளுக்கு, 'வீப் ஹோல்' என்று சொல்வார்களே, இதுதான் வேலை. அந்த ஓட்டைக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி இல்லாவிட்டால் அது இரண்டு மழையில் மண் அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை இருக்கும். உள்ளே வேலை செய்யாது. சில நூறு ரூபாய் ஜல்லியும் ஒரு வடிகட்டித் துணியும்தான் 2.75 டன்னுக்கும் 5.75 டன்னுக்கும் இடையிலான வித்தியாசம்.

அடுத்தது உயரம். "மூணு மீட்டர் சுவர் நல்லா நிக்குதே, பக்கத்துல ஆறு மீட்டர் அதே மாதிரி கட்டிடலாம்" என்பது மலையில் சகஜமான பேச்சு. உயரம் இரு மடங்கானால் மண் தள்ளும் விசை இரு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்கு. கண் அளவும் அனுபவமும் இங்கேதான் தோற்றுப்போகின்றன.

சுவரைக் கட்டுவதற்கு முன்னால், அதற்கான அடித்தளத்தைத் தோண்டும் அந்தச் சில நாட்கள்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானவை. சரிவின் கால் பகுதியை வெட்டி எடுத்தாகிவிட்டது. சுவர் இன்னும் எழவில்லை. மேலே யாரோ கட்டிய பழைய கட்டடத்தின் பாரம் அப்படியே இருக்கிறது. கீழே குழிக்குள் ஆட்கள் நிற்கிறார்கள். மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான நீளக் குழி தோண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 3764-ஆவது விதித்தொகுப்பு சொல்கிறது. ஒரு ஆள் மார்பளவு குழிக்கே அந்த விதி. மலைச் சரிவில் மேலே பாரம் வைத்துக்கொண்டு வெட்டுவது அதைவிடப் பல மடங்கு கவனம் கேட்கும் வேலை. மொத்தச் சரிவையும் ஒரே நாளில் வெட்டாமல், இரண்டு மூன்று மீட்டர் நீளமாகப் பிரித்து, ஒரு துண்டு கட்டி முடித்தபின் ஒன்று விட்டு ஒன்றாக அடுத்ததை வெட்டுவது உலகம் முழுக்கத் தெரிந்த முறை. கூடுதல் கான்கிரீட் தேவையில்லை. தேவை திட்டமிடலும், தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் நிற்பதும்தான்.

கல்லூரியில் இதெல்லாம் இல்லையா?

இருக்கிறது. அதுதான் வருத்தம்.

பி.இ. சிவிலில் இரண்டாம் ஆண்டு மண் இயக்கவியல், பிறகு அடித்தளப் பொறியியல். அதற்கு மேல் விருப்பப் பாடங்களாக மண் தாங்கு கட்டமைப்புகள், பாறை இயக்கவியல், தரை மேம்பாட்டு நுட்பங்கள், சுரங்கப்பாதைப் பொறியியல் என்று வரிசையாக இருக்கின்றன. மேற்படிப்புக்கு கிண்டி பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல் மற்றும் அடித்தளப் பொறியியலில் எம்.இ. உண்டு. சென்னை ஐஐடியில் இந்தத் துறையில் ஆய்வே நடக்கிறது. மலைக்கென்றே தனி இந்தியத் தர விதிகள் உண்டு: தடுப்புச் சுவருக்கு 14458, நிலச்சரிவு அபாய வரைபடத்துக்கு 14496, நிலச்சரிவுக் கட்டுப்பாட்டுக்கு 14680. மூன்றும் 1990-களின் கடைசியில் வந்தவை. இன்று கல்லூரியில் சேரும் மாணவரைவிட அவற்றுக்கு வயது அதிகம்.

ஆனால் விருப்பப் பாடம் என்பது நடைமுறையில் மாணவரின் விருப்பம் இல்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ, எதில் மார்க் ஈஸியோ, எது 'அரியர்' வைக்காதோ, அதுதான் வகுப்பு முழுவதற்கும் விருப்பம். கவுன்சலிங்கில் பல ஆண்டுகளாகக் கூட்டம் கம்ப்யூட்டர் பக்கம். சிவிலில் சேர்கிறவர்களிலும் பலர் கட்டமைப்பு வடிவமைப்பு சாஃப்ட்வேர், அதை விட்டால் அரசு வேலைத் தேர்வு. மண்ணுக்கு யாரும் வருவதில்லை. மண் அழுக்கு, மண் குழப்பம், மண்ணில் விடை எப்போதும் 'ஏறத்தாழ' என்றுதான் வரும்.

அந்த 'ஏறத்தாழ'தான் இதை உயர்நிலைப் பாடமாக்குகிறது. ஸ்டீலின் வலிமையை ஃபேக்டரி சொல்லிவிடும். கான்கிரீட்டின் வலிமையை நாம் முடிவு செய்யலாம். மலையின் மண்ணை யாரும் தயாரிக்கவில்லை. பத்து அடி தள்ளினால் அது வேறு. தெரியாததை வைத்துக்கொண்டு, உயிர் பொறுப்போடு ஒரு முடிவெடுக்கும் பயிற்சி சிவிலில் வேறு எந்தப் பாடத்திலும் இந்த அளவுக்கு இல்லை.

லேபில் நடப்பதும் யோசிக்க வேண்டியது. பெட்டிக்குள் சலித்த மணலைப் போட்டு 'டைரக்ட் ஷியர்' சோதனை செய்து, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கிராஃப் வரைந்து கையெழுத்து வாங்குவதோடு மண் முடிந்துவிடுகிறது. கோவையிலிருந்து குன்னூர் எழுபது கிலோமீட்டர் சொச்சம். வெட்டிய சரிவு, நிற்கும் சுவர், விழுந்த சுவர், பாறை, செம்மண், நீர் கசியும் இடம் என்று மொத்த சிலபஸும் பர்லியாறு தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. நீலகிரி மலை ரயில் 1899-லிருந்து ஏறும் அதே கல்லாறு - குன்னூர் பாதை, இன்றும் மழைக்காலம் வந்தால் மண் சரிந்து மூடப்படுகிறது. நூற்றிருபது ஆண்டுக்கும் மேலான பாடநூல் அது. ஆனால் கல்லூரி 'ஐ.வி.' பஸ் அதைத் தாண்டிப் போய் ரோஜாப் பூங்காவில்தான் நிற்கிறது.

ஹாங்காங் எப்படி மாற்றியது?

"மலைன்னா சரியத்தான் செய்யும், இயற்கையை என்ன பண்ண முடியும்?" என்ற கேள்விக்கு ஹாங்காங் ஒரு நேரடிப் பதில்.

அங்கேயும் செங்குத்தான மலை, சிதைந்த பாறை மண், கொட்டும் மழை, இடப் பற்றாக்குறை. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் சாவ் மாவ் பிங், போ ஷான் சாலை ஆகிய இரு இடங்களில் சரிவு. இரண்டிலுமாக 138 பேர் இறந்தார்கள். 1976-இல் சாவ் மாவ் பிங்கிலேயே மறுபடியும் சரிந்து 18 பேர்.

1977-இல் ஹாங்காங் அரசு மண் பொறியியலுக்கென்றே தனி அலுவலகம் தொடங்கியது. மனிதர்கள் வெட்டிய, நிரப்பிய சரிவுகளையும் தடுப்புச் சுவர்களையும் கணக்கெடுத்தார்கள். இன்று அங்கே சுமார் 60,000 சரிவுகளுக்குப் பதிவு எண் இருக்கிறது. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பது போல, சரிவில் ஒரு பலகை. அதை யார் பராமரிக்க வேண்டும் என்பதும் பதிவில் உண்டு. புதிதாக வெட்ட வேண்டுமென்றால் மண் பொறியாளரின் வடிவமைப்பை அரசின் மண் பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள்.

மழை குறையவில்லை. மலையும் அதேதான். சரிவில் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது.

இலங்கையும் தன் வழியில் ஒரு அடி வைத்திருக்கிறது. மலைநாட்டின் அபாய மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு அபாய மதிப்பீடு வாங்க வேண்டும். நடைமுறையில் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் 'மண்ணைக் கேட்டுவிட்டுக் கட்டு' என்பது அங்கே விதியாகிவிட்டது.

நீலகிரியில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1990-இல் வந்த மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், 1993 மாஸ்டர் பிளான், ஜேசிபி பயன்படுத்த ஆட்சியர் அனுமதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பொதுப் பேச்சு முழுவதும் கட்டடத்தின் உயரத்தைச் சுற்றியே நடக்கிறது. ஏழு மீட்டரைத் தாண்டியதா இல்லையா? கட்டடத்துக்குப் பின்னால் வெட்டிய மண் எத்தனை மீட்டர், அதன் நீர் எங்கே போகிறது என்ற கேள்வி அதே சத்தத்தில் கேட்கப்படுவதில்லை. நீலகிரியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வீட்டின் உயரம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணின் உயரம்.

"எல்லாத்துக்கும் இன்ஜினீயர் வேணுமா?"

நியாயமான கேள்வி. மூன்று விதமாக வருகிறது.

முதல் கேள்வி பணம். ஒரு எஸ்டேட் தொழிலாளியோ, தாயகம் திரும்பிய குடும்பமோ, இரண்டு சென்ட் நிலத்தில் வீடு கட்டும்போது மண் பரிசோதனைக்கு எங்கே போவது? போக முடியாது. அதனால்தான் இது தனி மனிதர் தலையில் கட்டக்கூடிய சுமை இல்லை. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் சுவர்களுக்கு ஒரு தரமான வரைபடத்தை, அந்தந்தப் பகுதி மண்ணுக்கு ஏற்ப, உள்ளாட்சி அலுவலகத்திலேயே இலவசமாகக் கொடுக்கலாம். அந்த வரைபடத்தை ஒருமுறை சரியாகப் போட நல்ல மண் பொறியாளர்கள் வேண்டும்.

இரண்டாவது கேள்வி பழமை. "வெள்ளைக்காரன் கட்டினது நிக்குதே, படுகர் ஹட்டிகள் நிக்குதே, அவங்க என்ன எம்.இ. படிச்சாங்களா?" படிக்கவில்லை. ஆனால் இடம் பார்த்துக் கட்டினார்கள். நிலம் நிறைய இருந்தது, ஆட்கள் குறைவு. மெதுவான சாய்வைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. எஸ்டேட்களில் 'கான்' என்று சொல்லும் வடிகால்களை வருடம் தவறாமல் வெட்டித் தூர்வாரினார்கள். நல்ல இடமெல்லாம் தீர்ந்தபின், யாரும் வேண்டாமென்று விட்ட செங்குத்துச் சரிவுதான் இன்றைக்கு வீட்டு மனை. பழைய அனுபவம் பழைய இடத்துக்குப் பொருந்தும். புது இடத்துக்குக் கணக்கு வேண்டும். அனுபவத்தை வேண்டாம் என்பது இல்லை. எந்த ஓடை எங்கே ஓடியது என்பதை வரைபடத்தைவிட அந்த ஊர்ப் பெரியவர் நன்றாகச் சொல்வார். அவரிடம் கேட்கத் தெரிந்திருப்பதும் மண் பொறியியலின் ஒரு பகுதிதான்.

மூன்றாவது கேள்வி வேலை. "மண்ணைப் படிச்சா வேலை கிடைக்குமா?" மெட்ரோ ரயில் சுரங்கம் தொடங்கி காற்றாலை அடித்தளம் வரை மண் பொறியாளர் இல்லாமல் நகராது என்பது ஒரு பதில். நீலகிரிக்குள்ளேயே இன்னொரு பதில் இருக்கிறது. ஊட்டி - கோத்தகிரி சாலையில் கோடப்பமந்து பகுதியில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி மண்ணைத் தைக்கும் 'சாயில் நெயிலிங்' முறையையும், அதன் மேல் புல் வளர்க்கும் முறையையும் கையில் எடுத்தது. பெரிய கான்கிரீட் சுவர் இல்லாமலே சரிவைப் பிடிக்கும் வழி. கம்பி எத்தனை மீட்டர் போக வேண்டும், எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று யாராவது ஒருவர் கணக்குப் போட்டாக வேண்டும்.

இனி என்ன செய்யலாம்?

ஒன்று, கோவை, நீலகிரி, திண்டுக்கல், சேலம், தேனி என மலையை ஒட்டிய மாவட்டங்களின் கல்லூரிகளில் சரிவு நிலைத்தன்மையும் மண் தாங்கு கட்டமைப்புகளும் சிவில் மாணவருக்கு விருப்பப் பாடமாக இருக்கக் கூடாது. கட்டாயமாக வேண்டும். ஒரு உண்மையான சரிவை அளந்து, மண் எடுத்து, சோதித்து, கணக்குப் போட்டு அறிக்கை கொடுத்தால்தான் அந்தப் பாடத்தில் பாஸ். கேத்தியிலேயே ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்த ஊரைவிடச் சிறந்த லேப் எங்கே கிடைக்கும்?

இரண்டு, அந்த அறிக்கைகள் அலமாரியில் தூங்கக் கூடாது. ஒரு வருடத்துக்கு ஒரு கல்லூரி ஐம்பது சரிவுகளை அளந்தாலே, சில ஆண்டுகளில் நீலகிரிக்கும் ஹாங்காங் போல ஒரு சரிவுப் பதிவேடு உருவாகத் தொடங்கும்.

மூன்று, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மண்ணை வெட்டும் எந்த வேலைக்கும், வீட்டுக்குக் கேட்பது போலவே தடுப்புச் சுவருக்கும் வடிவமைப்பும் வேலை முறைத் திட்டமும் கேட்க வேண்டும். தோண்டும் நாட்களில் பொறுப்பான பொறியாளர் ஒருவர் தளத்தில் இருக்க வேண்டும். போனில் இருப்பது போதாது.

நான்கு, எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இந்திய புவியியல் ஆய்வு மையம் 2020 பருவமழையிலிருந்து டார்ஜிலிங்கோடு சேர்த்து நீலகிரியிலும் நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனை முறையில் வழங்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையமும் வந்துவிட்டது. அறிவிப்பு வட்ட அளவில் வரும். எந்தத் தெருவை இன்றிரவு காலி செய்வது என்பதை அந்த மண்ணைத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மண் பொறியாளர் பணியிடம் என்பது அரசுக்குப் பெரிய செலவில்லை. படிக்கப் போகிற மாணவருக்கோ அது ஒரு காரணம்.

லவ்டேலில் இறந்த ஆறு பேரும் பெண்கள். தினக்கூலிக்கு மண் அள்ள வந்தவர்கள். சரிவு, உராய்வுக் கோணம், பாதுகாப்புக் காரணி எதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுக்காக வேறு யாராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாலு வருடம் படித்துப் பட்டம் வாங்குவதன் அர்த்தம் அதுதான்.

அடுத்த செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவும் ஏதோ ஒரு ஹாஸ்டல் அறையில் அதே பேச்சு வரும். "அஞ்சாவது யூனிட்டை விட்டுடலாம்டா." அந்த நாலு பேரில் ஒருவராவது புத்தகத்தை மூடாமல் இருந்தால், குன்னூரில் எங்கோ ஒரு வீட்டில் ஐப்பசி மழை இரவில் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்.